முன்தேதியிட்ட குற்றம்

1988-ஆம் ஆண்டு தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில், விஞ்ஞானிகள் மணல் அட்டையைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்துக் காட்டினார்கள். இந்தியாவில் அதுதான் முதல்முறை. மன்னார் வளைகுடாவில் கடல் அட்டை எடுப்பது அப்போது ஒளிவுமறைவில்லாத தொழில். சங்கு குளிக்கப் போகிறவர்கள் அட்டையையும் எடுத்து வருவார்கள். குடலை நீக்கி வேகவைத்து, ஈர மணலில் புதைத்து, மேல்தோல் சுண்ணாம்பு இளகியதும் தேய்த்துக் கழுவி, மறுபடி வேகவைத்துக் காயப்போட்டால் சரக்கு தயார். சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் கப்பல் ஏறும். உள்ளூரில் அதைத் தின்பார் இல்லை. மூன்று அங்குலத்துக்குக் குறைவான சரக்கை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 1982-ல் ஒரு கட்டுப்பாடு வந்தது. இந்தக் கரையில் அதைத் தாண்டிப் பெரிய தடை எதுவும் இருக்கவில்லை.

2001 ஜூலை 11 அன்று மத்திய சுற்றுச்சூழல், வன அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இடம்பெற்றிருக்கும் முதல் பட்டியலில் கடல் அட்டை இனங்கள் அனைத்தும் சேர்ந்தன. கடல் குதிரை, பவளப்பாறை, சுறா, திருக்கை எல்லாம் கூடவே போயின. முந்தின நாள்வரை மீன்வளம் என்று கணக்கில் வந்தது, மறுநாள் வேட்டைக் குற்றம் ஆயிற்று.

இப்படி வைத்துக்கொள்வோம்: திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரத்தில் ஒரு வியாபாரியின் கொட்டகையில், ஜூன் மாதம் வாங்கிய அட்டை மூட்டைகள் கிடக்கின்றன. ஜூனில் கடலில் இறங்கி எடுத்தவர் குற்றவாளியா? இல்லை. ஜூலை 12 அன்று இறங்கியவர்? குற்றவாளி. இரண்டிலும் சிக்கல் இல்லை. மூன்றாவது கேள்விதான் சிக்கலானது: ஜூனில் எடுத்த, அன்று சட்டப்படி விலைகொடுத்து வாங்கிய சரக்கு, அடுத்த ஜனவரியில் அதே கொட்டகையில் பிடிபட்டால் என்ன ஆகும்?

நடந்து முடிந்த செயலைப் பிற்பாடு வந்த சட்டம் தண்டிக்கலாமா என்ற பழைய கேள்வி, இந்தக் கரையில் ஒரு மூட்டை உருவத்தில் வந்து நிற்கிறது. வன உயிரினச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. முதல் பட்டியலில் ஓர் உயிரினம் புதிதாகச் சேர்ந்தால், அதன் வணிகத் தடை அன்றே முழுதாக அமலுக்கு வருவதில்லை. இரண்டு மாதம் கழிய வேண்டும். அதன் பிறகும் சரக்கு மிஞ்சியிருந்தால் முப்பது நாளுக்குள் வனத்துறையிடம் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கெடுவும் தாண்டியபின் சரக்கு பிடிபட்டால், தண்டனை ஜூன் மாதக் கொள்முதலுக்கு இல்லை. கெடுவுக்குப் பிறகும் கணக்கில்லாமல் வைத்திருந்ததற்கும் விற்க முயன்றதற்கும்தான். ஆகவே இது முன்தேதியிட்ட தண்டனை இல்லை என்பது சட்டத்தின் வாதம்.

இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் யானைத் தந்த வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆப்பிரிக்காவிலிருந்து முறையாக இறக்குமதி செய்த தந்தத்தை வைத்திருந்த கைவினை வியாபாரிகள், 1991-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் அதை விற்க முடியாமல் போனார்கள். சரக்கைத் தீர்க்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டிருந்தது. வாங்கியபோது சட்டப்படி வாங்கிய பொருளை இப்போது விற்கக் கூடாது என்பது என்ன நியாயம் என்று அவர்கள் கேட்டார்கள். இந்தியன் ஹேண்டிகிராஃப்ட்ஸ் எம்போரியம் வழக்கில் 2003-ல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. யானையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சந்தையையே மூடியாக வேண்டும், பழைய சரக்கு என்ற பெயரில் புதிய தந்தம் நுழைந்துவிடும் என்பது அதன் சாரம்.

தர்க்கத்தில் குறை காண்பது கடினம். ஆனால் தந்த வியாபாரிகள் உச்ச நீதிமன்றம்வரை வழக்கறிஞரை அனுப்ப முடிந்தவர்கள். ஆறு மாதம் பெற்றவர்கள். மன்னார் வளைகுடா வியாபாரிக்குக் கிடைத்தது இரண்டு மாதம். அதுவும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகும் மத்திய அரசிதழின் வழியாக. இருக்கும் சரக்கிலிருந்து கைகழுவ ஒரு வழி காட்டப்பட்டதா, அந்த வழி அந்த மனிதருக்கு எட்டியதா என்பதைக் கேட்காமல், இது பின்னோக்கிய சட்டமா முன்னோக்கிய சட்டமா என்று தேதியை மட்டும் பார்த்து முடிவுகட்டுவது அரைகுறைப் பரிசோதனை. சுறா விஷயத்தில் அந்த வழியை அரசே பிற்பாடு திறந்துவிட்டது: மீனவர்கள் எதிர்ப்பு கிளம்பியதும், அதே 2001 டிசம்பரில் தடையைக் குறிப்பிட்ட சில சுறா, திருக்கை இனங்களோடு சுருக்கிக்கொண்டது. அட்டைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 20(1)-ஆம் பிரிவு இரண்டு பாதுகாப்புகளைத் தருகிறது. செயல் நடந்த நேரத்தில் அமலில் இருந்த சட்டத்தை மீறினால் மட்டுமே ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கலாம் என்பது ஒன்று. அந்த நேரத்துச் சட்டம் விதித்ததைவிடக் கூடுதல் தண்டனை கொடுக்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டாவதற்கும் அட்டையே உதாரணம். முதல் பட்டியல் உயிரினக் குற்றத்துக்கு 2001-ல் ஓராண்டு முதல் ஆறாண்டு வரை சிறையும் குறைந்தது 5,000 ரூபாய் அபராதமும் இருந்தன. 2003 ஏப்ரல் 1 முதல் அது மூன்றாண்டு முதல் ஏழாண்டு, குறைந்தது 10,000 ரூபாய் என்று உயர்ந்தது. அபராதத்தின் கீழ்வரம்பு 2023 ஏப்ரலில் மறுபடி ஏறி 25,000 ஆயிற்று. 2002-ல் செய்த குற்றத்துக்கு வழக்கு எத்தனை ஆண்டு இழுத்தாலும் 2002-ன் தண்டனைதான்.

நாடு முழுவதும் இப்போது இதே கணக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. ஜூன் 30 இரவு பதினொன்றரை மணிக்கு நடந்த அடிதடிக்கு 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். நள்ளிரவு தாண்டியதற்குப் புதிய சட்டம்.

இப்படி ஒரு பிரிவு ஏன் தேவைப்பட்டது? ஆட்சியில் இருப்பவர்களுக்குக் கோபம் வந்த ஒவ்வொரு முறையும் நாள்காட்டியைத் திருப்பிவைக்கும் ஆசையும் வந்திருக்கிறது. 1531-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரூஸ் என்ற சமையற்காரர், ரோச்செஸ்டர் பிஷப் ஜான் ஃபிஷரின் வீட்டுக் கஞ்சியில் நஞ்சு கலந்ததாகப் பிடிபட்டார். எட்டாம் ஹென்றி நாடாளுமன்றத்தைக் கொண்டு நஞ்சிடுவதை ராஜத்துரோகமாக்கி, அதற்குத் தண்டனையாகக் கொதிநீரில் இட்டுக் கொல்வதைச் சட்டமாக்கினார். ரூஸ் செய்ததாகச் சொல்லப்பட்ட செயலுக்குப் பிறகு வந்த சட்டம், பெயர் சொல்லி அவர்மேலேயே பாய்ந்தது. நானூறு ஆண்டு கழித்து ஜெர்மனியிலும் அதே கதைதான். 1933 பிப்ரவரி 27 அன்று பெர்லின் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தபோது, அத்தகைய தீவைப்புக்கு மரண தண்டனை கிடையாது. மார்ச் இறுதியில் ஹிட்லர் அரசு முன்தேதியிட்டு அதைக் கொண்டுவந்தது. அடுத்த ஜனவரியில் டச்சு இளைஞர் மரினஸ் வான் டெர் லுப்பேயின் தலை வெட்டப்பட்டது. அந்தத் தீர்ப்பை ஜெர்மனி ரத்து செய்தது 2007 டிசம்பரில்.

அமெரிக்கர்கள் 1787-லேயே தங்கள் அரசியல் சாசனத்தில் இதற்குத் தடை போட்டுவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1789-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தில் எழுதினார்கள். நம் அரசியல் நிர்ணய சபை அந்த மரபை எடுத்துக்கொண்டது.

அந்தத் தடை இங்கே எவ்வளவு உறுதியானது என்பதை முதலில் சோதித்தவர் ஓர் அமைச்சர். விந்தியப் பிரதேசத்தின் தொழில் அமைச்சர் ராவ் சிவ பகதூர் சிங், பன்னா வைரச் சுரங்க நிறுவனத்திடம் 25,000 ரூபாய் லஞ்சம் வாங்கியதாக, 1949 ஏப்ரல் 11 அன்று புதுடில்லியில் பிடிபட்டார். அவரைத் தண்டிக்கப் பயன்பட்ட அவசரச் சட்டம் பிறந்தது அந்த ஆண்டு செப்டம்பரில். ஆனால் அது 1948 ஆகஸ்ட் 9 முதலே அமலில் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டமே தனக்கு வயது கூட்டிக்கொண்டது. 1953-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தியை ஏற்கவில்லை. அமலில் இருந்த சட்டம் என்றால் அன்று உண்மையிலேயே நடப்பில் இருந்த சட்டம். கற்பனையாகப் பின்னால் தள்ளி வைத்ததைக் கணக்கில் எடுக்க முடியாது என்றது. அமைச்சர் அதனால் தப்பிவிடவில்லை. ரீவா சமஸ்தானத்தில் இந்தியத் தண்டனைச் சட்டம் முன்பே வழக்கத்தில் இருந்ததால், லஞ்சம் அன்றும் குற்றமே என்று நீதிமன்றம் கண்டது. கொள்கை நிலைநின்றது, அமைச்சரும் சிறைக்குப் போனார்.

இதே கேள்வி மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் வேறு விதமாக வெடித்தது. 1962 ஜனவரி 27 இரவு கொழும்பில் ராணுவம், கடற்படை, போலீஸ் உயரதிகாரிகள் சிலர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். போலீஸ் அதிகாரி ஸ்டான்லி சேனநாயக்க தன் மாமனார் வழியாக விஷயத்தை வெளியே சொல்லிவிட, ஒரு தோட்டாகூட வெடிக்காமல் எல்லாம் முடிந்தது. பிடிபட்டவர்களில் சிங்களர், தமிழர், பறங்கியர் மூவரும் இருந்தார்கள்; பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள். விசாரணையை முன்னின்று நடத்தியவர் பிரதமரின் உறவினரும் அமைச்சருமான ஃபீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க.

இருக்கிற சட்டத்தில் சதியை நிரூபிப்பது சிரமம் என்று அரசுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மார்ச் மாதம் 1962-ஆம் ஆண்டின் முதலாம் எண் குற்றவியல் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறியது. அது செய்த வேலைகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஜனவரி 1 முதலே அமலில் இருந்ததாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. அரசுக்கு எதிரான குற்றத்தின் வரையறையை விரித்தது. குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டுக் கடுங்காவல், கூடவே சொத்துப் பறிமுதல் என்று விதித்தது. வாரண்ட் இல்லாமல் பிடித்து வைத்ததைப் பின்னோக்கி நியாயமாக்கியது. சாதாரணமாகச் செல்லாத வாக்குமூலங்களைச் சாட்சியமாக்கியது. நடுவர் குழு கிடையாது. வழக்கை விசாரிக்கும் மூன்று நீதிபதிகளை நீதி அமைச்சரே நியமிப்பார். இந்த வழக்கு முடிந்ததும் இந்தச் சட்டத்துக்கும் ஆயுள் முடியும்.

முதல் அமர்வில் உட்கார்ந்த டி.எஸ். ஃபெர்னாண்டோ, எல்.பி. டி சில்வா, ஸ்ரீ ஸ்கந்தராஜா ஆகிய மூவரும் தங்கள் நியமனத்தையே செல்லாது என்று சொல்லி எழுந்துவிட்டார்கள். அமைச்சர் பொறுக்கி எடுத்த நீதிபதிகளாக இருக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. நீதித்துறை வரலாற்றில் இப்படித் தன் நாற்காலியைத் தானே காலிசெய்யும் தீர்ப்புகள் அபூர்வம். அந்த மூவருக்கும் இன்னும் அதிகப் புகழ் கிடைத்திருக்க வேண்டும். அரசு சட்டத்தைத் திருத்தி நியமன அதிகாரத்தைத் தலைமை நீதிபதிக்கு மாற்றியது. இரண்டாவது அமர்வும் கலைந்தது: அதிலிருந்த ஒருவர் முன்பு அட்டர்னி ஜெனரல் பொறுப்பில் இதே விசாரணையில் பங்கெடுத்திருந்தார். மூன்றாவது அமர்வுதான் 24 பேரை விசாரித்து, 1965 ஏப்ரல் 6 அன்று 11 பேருக்குத் தலா பத்தாண்டு விதித்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சிறிமாவோ தேர்தலில் தோற்றிருந்தார்.

மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அன்றைய இலங்கை அரசியல் சாசனத்தில் நமது 20(1) போன்ற தடை ஏதும் இல்லை. ஆகவே சட்டம் முன்தேதியிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அதை வீழ்த்த வழியில்லை. இயற்கை நீதிக்கு விரோதம் என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. தீர்ப்பை எழுதிய பியர்ஸ் பிரபு வேறு பாதையில் வந்தார். குறிப்பிட்ட சில மனிதர்களைக் குறிவைத்து, அவர்கள் தண்டிக்கப்படுவதை உறுதிசெய்யும்படி இயற்றிய சட்டம் இது. நாடாளுமன்றம் நீதிபதியின் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நீதித்துறை தனியாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சாசனத்தின் அமைப்பிலேயே பொதிந்திருக்கிறது. 1965 டிசம்பர் 2 அன்று பதினொரு பேரின் தண்டனையும் ரத்தானது. லியனகே வழக்கு என்று உலகெங்கும் சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான்.

கொழும்பு அரசியல்வாதிகள் இதிலிருந்து வேறு பாடம் எடுத்துக்கொண்டார்கள். 1970-ல் சிறிமாவோ மறுபடி ஆட்சிக்கு வந்தார். 1971-ல் பிரிவி கவுன்சில் மேல்முறையீடு ஒழிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஜேவிபி இளைஞர்களின் கிளர்ச்சி நடந்து ஒடுக்கப்பட்டிருந்தது. அதை விசாரிக்க 1972-ல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் வந்தது. அதே ஃபீலிக்ஸ் டயஸ் இந்த ஆட்சியிலும் அமைச்சர். கிளர்ச்சி நடந்து முடிந்தபின் எழுதிய சட்டம், சாட்சிய விதிகள் தளர்ந்தன, மேல்முறையீடு கிடையாது. இம்முறை போய் முறையிட லண்டனும் இல்லை.

1977 தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்தன பெருவெற்றி பெற்றார். மறு ஆண்டு, முந்தைய ஆட்சியின் தவறுகளை விசாரிக்கச் சிறப்பு ஜனாதிபதி ஆணைக்குழுச் சட்டம் இயற்றினார். சிறிமாவோ நீதிமன்றம் போனார். சட்டம் பிறப்பதற்கு முந்தைய செயல்களை விசாரிக்க ஆணைக்குழுவுக்கு அதிகாரம் இல்லை என்று 1978 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே மாதத்திலேயே அரசியல் சாசனத்தின் முதலாவது திருத்தம் வந்து, ஆணைக்குழு மீதான வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை அந்த நீதிமன்றத்திடமிருந்து பறித்தது. ஆணைக்குழுச் சட்டமும் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. 1980 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றம் சிறிமாவோவின் குடிமை உரிமைகளை ஏழாண்டுக்குப் பறித்து, அவரை உறுப்பினர் பதவியிலிருந்தும் நீக்கியது. ஃபீலிக்ஸ் டயஸின் குடிமை உரிமைகளும் பறிபோயின. பதினெட்டு ஆண்டுக்கு முன் நாள்காட்டியைத் திருப்பிவைத்த இருவரும் அதே விதத்தில் சிக்கினார்கள். இதை வினைப்பயன் என்று ரசிப்பவர்கள் உண்டு. ஆனால் 1978-ன் புதிய சாசனம், 13(6)-ஆம் பிரிவில் முன்தேதியிட்ட குற்றத் தண்டனையைத் தடை செய்திருந்தது. தேர்தலில் நிற்கும் உரிமையைப் பறிப்பது அந்தத் தடைக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய தந்திரம்.

எதிர்வாதமும் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நடந்த செயல் மனிதகுலமே சகிக்க முடியாத கொடுமை, ஆனால் அன்றைய ஆட்சியின் சட்டம் அதை அனுமதித்தது என்றால்? 1945-ல் நியூரெம்பர்க் தீர்ப்பாயம் இந்தக் கேள்வியோடுதான் தொடங்கியது. பெர்லின் சுவரைத் தாண்ட முயன்றவர்களைச் சுட வழிசெய்த கிழக்கு ஜெர்மனித் தலைவர்கள், எங்கள் சட்டப்படிதானே செய்தோம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வாதாடி 2001-ல் தோற்றார்கள். கிழக்கு ஜெர்மனியின் சொந்தச் சாசனமே உயிருக்குப் பாதுகாப்பு தந்திருந்தது என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 1966-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை, 15-ஆம் பிரிவில் முன்தேதியிட்ட தண்டனையைத் தடுத்துவிட்டு, உலக நாடுகள் ஏற்ற பொதுக் கோட்பாடுகளின்படி குற்றமானவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. இலங்கையின் 13(6)-லும் இதே விலக்கு இருக்கிறது. இனப்படுகொலைக்கும் சித்திரவதைக்கும் இந்த விலக்கு நியாயமே: கொல்வது தவறு என்று எந்தத் தளபதிக்கும் யாரும் அரசிதழில் அச்சடித்துச் சொல்ல வேண்டியதில்லை. கடல் அட்டையையும் ஏற்றுமதிச் சரக்கையும் அந்தத் தட்டில் வைக்க முடியாது. அவை குற்றமானது அரசிதழால் மட்டுமே.

இந்தியாவில் 20(1) கடுமையான நெருக்கடியிலும் தாங்கியிருக்கிறது. 2012 டிசம்பர் டெல்லி கூட்டு வன்கொடுமை வழக்கில் சிக்கிய சிறார் ஒருவர், மூன்றாண்டு சீர்திருத்த இல்லத்தில் இருந்துவிட்டு 2015 டிசம்பர் 20 அன்று வெளியே வந்தார். இரண்டு நாள் கழித்து மாநிலங்களவை, பதினாறு வயதைத் தாண்டியவர்களைக் கொடுங்குற்றங்களில் பெரியவர்களாக விசாரிக்க வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அது அவரைத் தொடவில்லை, தொட்டிருக்கவும் முடியாது. தெருவில் கொந்தளித்த கூட்டத்துக்கு அது புரியவில்லை, புரிந்துகொள்ளும் மனநிலையும் இல்லை.

முன்வாசல் இப்படிப் பூட்டியிருக்க, பக்கவாசல்கள் திறந்தே கிடக்கின்றன. வரி அவற்றில் பழையது: வோடஃபோன் நிறுவனம் வரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்ததும் 2012-ல் முன்தேதியிட்ட வரி வந்தது, சர்வதேச நடுவர் மன்றங்களில் அடிவாங்கியபின் 2021-ல் கைவிடப்பட்டது. பணம்தான் போகும், சிறை இல்லை என்று அதை விட்டுவிடலாம். பணமோசடித் தடுப்புச் சட்டம் அப்படி இல்லை. 2005 ஜூலை 1 அன்றுதான் அது அமலுக்கு வந்தது. ஆனால் குற்றத்தில் வந்த பணத்தை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் தொடர்கிற குற்றம் என்று விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் எப்போது வந்தது என்பது முக்கியமில்லை. இன்னும் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி. மூட்டைக்குச் சொன்ன அதே தர்க்கம். ஒரு வித்தியாசம்: மூட்டைக்காரருக்கு இரண்டு மாதமும் ஓர் அறிவிப்புப் படிவமும் இருந்தன. இங்கே அப்படி வெளியேறும் வழி எதுவும் வைக்கப்படவில்லை.

பினாமிச் சட்டத்தில் இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் பினாமிக்கு மூன்றாண்டு வரை சிறை என்று எழுதிவைத்ததோடு சரி, நடைமுறையில் உறங்கியது. 2016 நவம்பர் 1 முதல் அமலான திருத்தம் அதை ஏழாண்டாக உயர்த்தி, சொத்துகளைப் பறிமுதல் செய்யும் முழு இயந்திரத்தையும் நிறுவியது. 2016-க்கு முன் அடுத்தவர் பெயரில் வாங்கிய நிலத்தையும் அதைக் கொண்டு எடுத்துக்கொள்ளலாமா? கணபதி டீல்காம் வழக்கில் 2022 ஆகஸ்ட் 23 அன்று தலைமை நீதிபதி என்.வி. ரமணா அமர்வு, அந்தப் பறிமுதல் தண்டனையின் தன்மை கொண்டது, ஆகவே பின்னோக்கிப் பாயாது என்றது. அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பல பழைய வழக்குகள் முடித்துவைக்கப்பட்டன. 2024 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றமே அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்று, மேல்முறையீட்டைப் புதிதாக விசாரிக்க உத்தரவிட்டது: பழைய சட்டப் பிரிவுகள் அரசமைப்புக்குப் பொருந்துமா என்று யாரும் வாதாடாமலேயே அதில் முடிவு சொல்லப்பட்டிருந்தது என்பது காரணம். பறிமுதல் தண்டனையா, வெறும் உரிமையியல் நடவடிக்கையா என்ற கேள்வி இதனால் மறுபடி திறந்துகொண்டது. தண்டனை என்றால் 20(1) குறுக்கே நிற்கும்; உரிமையியல் நடவடிக்கை என்றால் 2016-க்கு முந்தைய பத்திரங்களும் அதிகாரிகளின் மேசைக்குத் திரும்பலாம்.